அவரைக்காய் பாட்டிலும் ஆறு மணிப் பாலும்

கோவையில் பல ஆண்டு வேலை பார்த்துவிட்டு, கேரள எல்லைக்குள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் வாங்கிக் குடியேறியிருக்கிறது ஒரு தம்பதி. முடிந்தவரை கடைக்குப் போகாமல் வாழ வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அரை லிட்டர் கண்ணாடி பாட்டில் 60 வாங்கி வைத்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். தோட்டத்துக் காயையும் வளர்க்கிற கோழியின் கறியையும் பாட்டிலில் அடைத்து ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ள முடியுமா? பாக்கெட் பால் வேண்டாம், கறந்த பால் எங்கே கிடைக்கும்? அந்தப் பாலைக் காய்ச்சாமல் குடித்தால்தான் முழுச் சத்தும் கிடைக்கும் என்கிறார்களே, குடிக்கலாமா?

கடைசிக் கேள்விக்குப் பதில் எளிது: குடிக்காதீர்கள். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். ஆனால் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். பாலைக் காய்ச்சினால் போதும். அவரைக்காயைக் காய்ச்சினால் போதாது. ஊரில் பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாலைக் காய்ச்சினால் சத்து செத்துவிடும் என்று கவலைப்படுகிறவர்களே, காயைக் கொதிக்கவைத்து இறுக மூடிவிட்டால் என்ன ஆகிவிடப்போகிறது என்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவள்தான்.

எல்லைப் பக்கத்துப் பால் சங்கம் ஒன்றில் 24 ஆண்டு பால் சோதனை செய்தேன். அப்போதெல்லாம் கொழுப்பு பார்ப்பது கந்தக அமிலத்தில்தான். குழாயில் 10 மில்லி அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். மூடிக் குலுக்கினால் குழாய் கையைச் சுடும். முன்பக்கம் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழாத புடவை ஒன்றுகூட அன்றைக்கு என்னிடம் கிடையாது. பாலில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது என்ற கர்வம் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு கூடை அவரைக்காய் அந்தக் கர்வத்தை இறக்கிவைத்தது.

மகள் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு டஜன் பாட்டில் கொண்டுவந்தாள். தட்டையான தகர மூடி தனி, அதை இறுக்குகிற வளையம் தனி. அந்த மார்கழியில் பந்தல் அவரை கொடி தாங்காமல் காய்த்திருந்தது. நரம்பு கிள்ளி, உப்பு நீரில் அரைவேக்காடு வேகவைத்து எட்டு பாட்டிலில் நிரப்பினேன். பெரிய அண்டாவில் மூழ்கவைத்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். ஆறியதும் எட்டு மூடியும் நடுவில் உள்வாங்கி அழகாக இறுகியிருந்தன. பரணில் வரிசையாக அடுக்கிவிட்டு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பதினோராம் நாள் மதியம் தூங்கிக்கொண்டிருந்தபோது பரணில் ‘டக்’ என்று தகரத்தைச் சுண்டியது போல ஒரு சத்தம். ஏறிப் பார்த்தேன். ஒரு பாட்டிலின் மூடி மேல்நோக்கி உப்பியிருந்தது. உள்ளே நீர் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கி, காய்களுக்கு நடுவிலிருந்து ஊசிமுனை அளவு குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டிருந்தன. மற்ற ஏழும் தெளிவாக இருந்தன. மூடி அசையவில்லை, நிறம் மாறவில்லை. அந்த ஏழுதான் என்னைப் பயமுறுத்தின. உப்பியதை யாரும் தின்னப் போவதில்லை. தெளிவாக இருப்பதைத்தான் திறந்து பொரியல் செய்வோம்.

மண்ணில் வாழும் ஒரு கிருமி இருக்கிறது, பெயர் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். மண் பட்ட எந்தக் காயிலும் அதன் வித்துகள் ஒட்டியிருக்கலாம். நாம் அன்றாடம் அவற்றைத் தின்றுகொண்டுதான் இருக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. காற்றில்லாத இடம், புளிப்பில்லாத ஈரம், அறையின் வெதுவெதுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் வித்து முளைத்து நஞ்சைக் கக்கும். மூடி இறுகிய அவரைக்காய் பாட்டில் அந்த மூன்றையும் ஒரே இடத்தில் தருகிறது. நாம் காற்றை வெளியேற்றி, போட்டிக்கு வரும் மற்றக் கிருமிகளையும் கொன்று, இதற்கு மட்டும் தனி வீடு கட்டிக் கொடுத்துவிடுகிறோம். வித்தோ கொதிநீரில் மணிக்கணக்காகக் கிடந்தாலும் சாகாது. 121 டிகிரியில் மூன்று நிமிடம் நின்றால்தான் அழியும். அந்தச் சூடும் பாட்டிலின் சுவரை எட்டினால் போதாது, நடுவிலுள்ள காய் வரை போய்ச் சேர வேண்டும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. விறகை எவ்வளவு தள்ளினாலும் ஆவிதான் கூடும்.

இந்த நஞ்சு உடம்பில் ஏறினால் பெரும்பாலும் ஒன்றரை நாளுக்குள் தெரியும். பார்வை இரட்டையாகும், இமை தொங்கும், நாக்கு குழறும், விழுங்க முடியாது. பிறகு மூச்சுத் தசைகள் ஓயும். காய்ச்சல் இருக்காது என்பதால் வேறு எதுவோ என்று நினைத்துக் காலம் தாழ்த்திவிடுவார்கள். சந்தேகம் வந்தால் என்ன சாப்பிட்டோம் என்பதைச் சொல்லி அந்த நேரமே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த எட்டு பாட்டிலையும் நான் திறக்கவில்லை, முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு உறை போட்டுக் கட்டி, நாயும் கோழியும் கிளறாத ஆழத்தில் புதைத்தேன்.

“குக்கரில் வைத்தால்?” என்று உடனே கேட்பீர்கள். நம் குக்கர் 120 டிகிரியைத் தொடும், உண்மை. ஆனால் அது சின்னது. சீக்கிரம் சூடாகி சீக்கிரம் ஆறிவிடும். இத்தனை நிமிடம் என்று வெளிநாடுகளில் சோதித்து வைத்திருக்கும் கணக்கெல்லாம் பாட்டில் அடைப்பதற்கென்றே செய்த பெரிய அழுத்தக் கலனுக்கானது. அதில் பத்து நிமிடம் ஆவியை வெளியேவிட்டுக் காற்றை முழுக்க விரட்டிய பிறகே எடையைப் போடுகிறார்கள். அந்தக் கலனில் அரை லிட்டர் பீன்ஸுக்கு 20 நிமிடம், கறிக்கு 75 நிமிடம். நம் குக்கரில் விசில் கணக்கு வேறு. ஏழு விசில் என்பது எத்தனை நிமிடம், எத்தனை டிகிரி என்று யாரால் சொல்ல முடியும்? அந்தப் பெரிய கலனும் அதனோடு வரும் அட்டவணையும் உங்களிடம் இருந்தால் அட்டவணைப்படி செய்யுங்கள். இல்லையென்றால் அவரை, பீன்ஸ், காளான், சோளம், கிழங்கு, கீரை, கறி, மீன், தேங்காய்ப்பால் எதையும் பாட்டிலில் அடைக்காதீர்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைப்பதும் இதே வகைதான். புளியோ எலுமிச்சையோ சேர்ந்த பூண்டு ஊறுகாய் வேறு, வெறும் எண்ணெய்ப் பூண்டு வேறு.

இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்த பிரெஞ்சுக்காரர் நிக்கோலா அப்பேர், 1810இல் தன் முறையை வெளியிட்டு 12,000 பிராங்க் பரிசு வாங்கினார். பாட்டிலை மணிக்கணக்கில் கொதிக்கவைத்தார். ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. காரணம் புரிய லூயி பாஸ்டர் வரவேண்டியிருந்தது. பாஸ்டர் முதலில் சூடாக்கியது பாலை அல்ல, திராட்சை மதுவை. பாலுக்கு அவர் பெயர் பிறகுதான் ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் 60 பாட்டிலையும் என்ன செய்வது? புளிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். புளிப்பை அளக்கும் பி.எச். எண் 4.6க்குக் கீழே இருந்தால் அந்த வித்து முளைக்காது. அங்கே கொதிநீரே போதும், ஏனென்றால் மற்றக் கிருமிகளையும் பூஞ்சையையும் மட்டும் கொன்றால் வேலை முடிந்தது. மாங்காய், எலுமிச்சை, நெல்லிக்காய், அன்னாசி எல்லாம் புளிப்புக் கட்சி. தக்காளி எல்லையில் நிற்கிறது. பி.எச். 4.3இலிருந்து 4.9 வரை ரகத்துக்கு ரகம், பழுக்கும் பதத்துக்குப் பதம் மாறும். நாட்டுத் தக்காளி புளிக்கிறதே என்று நாக்கை நம்பக் கூடாது. வெளியிலிருந்து புளிப்பைக் கூட்டிவிட வேண்டும்.

நம் பக்கத்துக்குத் தக்காளியைவிட ஏற்ற சரக்கு இல்லை. கிணத்துக்கடவுச் சந்தையில் விலை சரிந்து, பறிகூலிக்கும் கட்டாமல் விவசாயி செடியிலேயே விட்டுவிடுகிற வாரங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. அந்த வாரம்தான் உங்கள் வாரம். நன்கு பழுத்த, வெடிக்காத, அழுகல் தொடாத பழமாக எடுங்கள். கொதிநீரில் அரை நிமிடம் முக்கித் தோலை உரித்து, நான்காக நறுக்கி, தண்ணீர் சேர்க்காமல் நசுக்கிக் கொதிக்கவிடுங்கள். ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். சுடச்சுட இருக்கும் பாட்டிலில், முதலில் கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலத்தைப் போடுங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். பிறகு தக்காளியை ஊற்றி, மேலே அரை அங்குலம் விட்டு, மெல்லிய மரக்குச்சியால் ஓரங்களில் குத்திக் காற்றுக் குமிழியை வெளியேற்றி, விளிம்பைச் சுத்தமான துணியால் துடைத்து மூடுங்கள். விளிம்பில் ஒரு விதை ஒட்டியிருந்தாலும் மூடி பிடிக்காது. அண்டாவின் அடியில் மடித்த துணி, அதன்மேல் பாட்டில், மூடிக்கு மேலே ஓர் அங்குலம் தண்ணீர். தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து 35 நிமிடம். இது நம் சமவெளிக் கணக்கு. நெல்லியாம்பதி மலைத் தோட்டங்களில் உறவினர் இருந்தால் அவர்களுக்குப் பத்து நிமிடம் கூட்டிச் சொல்லுங்கள். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்.

வெளியே எடுத்துத் துணி மேல் வைத்து ஒரு நாள் தொடாமல் விடுங்கள். சிமெண்ட் மேடையில் வைத்தால் அடி விட்டுப்போகும். எனக்கு இரண்டு போயின. மறுநாள் மூடியின் நடுவை விரலால் அழுத்துங்கள். அசைந்து மேலே வந்தால் அது பிடிக்கவில்லை, குளிர்பெட்டியில் வைத்து அந்த வாரமே தீர்த்துவிடுங்கள். மூடியின் உள்வளையத்தை ஒரு முறைக்கு மேல் நம்பாதீர்கள். பாட்டில் பத்து ஆண்டு வரும், மூடி ஒவ்வொரு முறையும் புதிது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தக்காளியோடு வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், பருப்பு என்று சேர்த்து ஆயத்தக் குழம்பாக அடைக்கலாம் என்று ஆசை வரும். சேர்க்கச் சேர்க்கப் புளிப்பு நீர்த்துப்போகும். அடைக்கும்போது தக்காளி தனியாக இருக்கட்டும். தாளிப்பு, திறக்கிற அன்றைக்கு.

முதலமடை மாம்பழத்தில் ஆசை இருக்கும். காயாக இருக்கும்போது அடைத்தால் பயமில்லை. நன்கு கனிந்த பழத்தில் புளிப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது ரகத்தைப் பொறுத்தது. அதைப் பாட்டிலில் அடைப்பதைவிட நம் பாட்டிமார் செய்த வழியே மேல். கூழை ஓலைப்பாயில் மெழுகி, காய்ந்ததும் அதன்மேல் மறுபடி மெழுகி, இருபது முப்பது நாளில் மாம்பழத் தெரை ஆக்கிவிடுவார்கள். பலாவும் அப்படித்தான். 2018இல் கேரளம் அதை மாநிலப் பழம் என்று அறிவித்தது. ஆனாலும் பழுத்த சுளையில் பாட்டிலைக் காக்கிற புளிப்பு இல்லை. சுளையை வெல்லத்தோடு உருளியில் கிண்டிச் சக்கவரட்டி ஆக்கினால் நீர் வற்றி, இனிப்பு ஏறி, கிருமிக்கு இடமில்லாமல் போகும். அவரையும் கொத்தவரையும் சுண்டைக்காயும் வற்றலுக்கு. உப்பு மாங்காயும் வடுவும் கடுமாங்காயும் பரணி என்கிற ஊறுகாய்ச் சாடிக்கு. நம் ஊரில் பாட்டில் இல்லாததால் இவையெல்லாம் வந்தன என்று நினைக்காதீர்கள். பாட்டில் காற்றைத்தான் எடுக்கிறது. வெயிலும் உப்பும் வெல்லமும் தண்ணீரை எடுக்கின்றன. தண்ணீர் இல்லாத இடத்தில் எந்த வித்தும் முளைக்காது.

கோழிக்கறியை அடைக்க வேண்டாம். கோழி உயிரோடு இருக்கும்வரை கெடாது. வேண்டிய அன்று அறுத்துக்கொள்ளலாம்.

இனி பால். நல்ல இடத்தில்தான் குடியேறியிருக்கிறீர்கள். கேரளத்தில் பால் அதிகம் கறக்கும் வட்டாரங்களில் சித்தூர் முன்வரிசையில் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி எங்கும் சில கிலோமீட்டருக்கு ஒரு பால் சங்கம் இருக்கும். 1980இல் கேரளத்தின் கூட்டுறவுப் பால் நிறுவனமான மில்மா தொடங்கியபின் இவை அதன் மலபார் ஒன்றியத்தில் சேர்ந்தவை. சங்கம் என்றால் பாலை மேலே அனுப்புகிற இடம் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கொள்முதல் நடக்கும்போதே உள்ளூர் விற்பனையும் உண்டு. விடியற்காலை தூக்குப் பாத்திரத்தோடு போய் நின்றால் அப்போது கறந்த பாலை அளந்து ஊற்றுவார்கள். நீங்கள் தேடுகிற கறந்த பால் இதுதான்.

சங்கத்துப் பாலில் ஒரு நன்மை, ஒரு குறை. ஒவ்வொருவர் பாலும் கொழுப்பும் மற்றத் திடப்பொருளும் பார்த்துத்தான் உள்ளே போகிறது. பசும்பாலில் கொழுப்பு மூன்றரை, நான்கு சதவீதம் இருந்தால் சரியான பால். அந்த அளவைக் கொண்டே விலையும். தண்ணீர் கலந்தால் காசு குறைகிறது, எனவே கலப்பது கட்டாது. குறை என்னவென்றால் அந்தப் பால் எல்லார் வீட்டு மாட்டுப் பாலும் கலந்தது. ஒரு மாட்டில் நோய் இருந்தால் கேன் முழுதும் அது பரவிவிட்டது என்று பொருள். சங்கத்து மேசையில் நாங்கள் தண்ணீரைப் பிடித்தோம், புளித்ததைப் பிடித்தோம், தீவன வாடையை மூக்கால் பிடித்தோம். காசநோய்க் கிருமியையோ கன்று வீச்சு நோயையோ அங்கே நின்று யாராலும் பிடிக்க முடியாது.

கன்று வீச்சு நோய் என்று ஊரில் சொல்வது புரூசெல்லோசிஸ். சினை மாடு நிறைமாதம் ஆகும் முன்பே கன்றை வீசிவிடும். அதே கிருமி பால் வழியாக மனிதருக்கு வந்தால் வாரக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டு வலி. மாட்டுக் காசநோயும் அதே வழியில் வரும். இவை எல்லாம் 63 டிகிரியில் அரை மணி நேரத்திலோ, 72 டிகிரியில் 15 வினாடியிலோ செத்துவிடுகின்றன. பாலைக் காய்ச்சினால் போதும் என்று நான் தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். அவரைக்காயின் வித்து கொதிநீரில் குளித்துவிட்டு வரும். பாலில் பயப்பட வேண்டிய இந்தக் கிருமிகளோ பால் பொங்கும் முன்பே மடிந்துவிடும். பொங்கியதும் இறக்கிவிடாமல் கரண்டியால் கலக்கி இரண்டு நிமிடம் விடுங்கள். உயிர்ச்சத்தில் கொஞ்சம் குறையும், கால்சியமும் புரதமும் அப்படியே இருக்கும். குறைகிற வைட்டமின் சி ஒரு நெல்லிக்காயில் திரும்பிவிடும். நாட்டு மாட்டுப் பாலைப் பச்சையாகக் குடிக்கலாம் என்பார்கள். கிருமிக்கு நாட்டு மாடு, சீமை மாடு என்ற பேதம் கிடையாது.

ஆனால் காய்ச்சினாலும் போகாதவை பாலிலும் இரண்டு உண்டு. ஒன்று மருந்து. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, மருந்துக்கு ஏற்றபடி சில நாளுக்கு ஒதுக்க வேண்டும். அதை ஊற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலேயே தெரிந்துகொள்ள ஒரு வழி: காய்ச்சி ஆறிய பாலில் நல்ல உறை ஊற்றியும், வெயில் நாளிலும், தயிர் தோயாமல் நீராக நின்றால் கேளுங்கள். மருந்து உறைக் கிருமியையும் கொன்றிருக்கும். மற்றொன்று பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கும் நனைந்த வைக்கோலும். அதன் நஞ்சு பாலில் இறங்கும். அடுப்பில் அது அசையாது. ஆகவே பாலை மட்டும் பார்க்காமல் தீவன மூட்டை எங்கே அடுக்கியிருக்கிறது என்று பாருங்கள். சுவரை ஒட்டி ஈரத் தரையில் கிடந்தால் வேறு வீடு தேடலாம்.

எனவே என் முதல் ஆலோசனை, சில வாரம் சங்கத்தில் வாங்கிக்கொண்டே, அங்கு பால் ஊற்ற வருகிற ஒருவரை நட்பாக்கிக்கொள்வது. யாருடைய பாத்திரம் பளிச்சென்று இருக்கிறது, யார் கறந்த கையோடு வருகிறார், யார் ஒரு மணி நேரம் கழித்து வருகிறார் என்று மூன்றே நாளில் தெரிந்துவிடும். பிறகு அவர் தொழுவத்துக்கே போய்க் கறக்கும்போது நில்லுங்கள். மடியை வெந்நீரில் கழுவித் துடைக்கிறாரா, முதல் நான்கு பீச்சலைத் தனியாக விடுகிறாரா என்று பாருங்கள். மாட்டின் காதில் மஞ்சள் பட்டையும் 12 இலக்க எண்ணும் இருக்கும். கிடேரிக் கன்றுக்கு நாலிலிருந்து எட்டு மாதத்துக்குள் கன்று வீச்சுத் தடுப்பூசி போட்டார்களா என்று கேட்கலாம். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அது வருகிறது. கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மாட்டைப் பற்றிக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை. பால் விலையைப் பற்றிக் கேட்டால்தான் பேச்சு நீளும்.

எல்லையைத் தாண்டி வரும் பாலைக் கேரளப் பால்வளத் துறை மீனாட்சிபுரத்தில் சாவடி வைத்துச் சோதிக்கிறது. அங்கே நிற்பவை டேங்கர்கள். சைக்கிளில் கேன் கட்டி வருகிறவரை யாரும் சோதிப்பதில்லை, அது உங்கள் வேலை. ஒரு சொட்டுப் பாலைச் சாய்ந்த கண்ணாடி மேல் விடுங்கள். நல்ல பால் மெல்ல இறங்கி வெள்ளைத் தடம் விடும். தண்ணீர் கலந்தது தடமில்லாமல் ஓடிவிடும். பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டர் வாங்கலாம், பசும்பாலில் 28இலிருந்து 30 காட்டும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர் ஊற்றினால் எண் இறங்கும், வெண்ணெய் எடுத்தால் எண் ஏறும். இரண்டையும் செய்கிறவரிடம் கருவி தோற்றுவிடும். என் காலத்தில் அப்படி ஒருவர் மாதக்கணக்கில் எண்ணைச் சரியாக வைத்திருந்தார், அமிலக் குழாய்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

சொந்த மாடு வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த மாதம் கேட்பீர்கள். கலப்பின மாடு ஒன்று நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனம் தின்னும், எட்டுப் பத்து லிட்டர் கறக்கும். இருவருக்கு ஒரு லிட்டர் போதும். மிச்சத்தைச் சங்கத்தில் ஊற்றத்தான் போகிறீர்கள். அதாவது சுயசார்புக்காக மாடு வாங்கிப் பால் வியாபாரி ஆகிவிடுவீர்கள். வெச்சூர் போன்ற குட்டை மாடு என்றால் இரண்டு மூன்று லிட்டர், தீனியும் குறைவு. அழிந்துபோகவிருந்த அந்த இனத்தை 1989இல் தேடித் திரட்டிக் காத்தவர் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவர் மாணவர்களும். அது உங்கள் இரண்டு ஏக்கருக்குப் பொருந்தும்.

எந்த மாடானாலும் ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பு கறவையை நிறுத்த வேண்டும். ஈன்ற முதல் மூன்று நான்கு நாள் சீம்பால், அது கன்றுக்கு. ஒற்றை மாட்டு வீடு ஆண்டுக்கு இரண்டு மாதத்துக்கும் சற்றுக் கூடுதலாகப் பால் இல்லாமல் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாடு வேறு மாதத்தில் ஈனும்படி சினை ஊசியைத் தள்ளிப் போட்டுக்கொண்டால் இரண்டு வீட்டுக்கும் ஆண்டு முழுவதும் பால். எங்கள் தெருவில் நானும் எதிர்வீட்டு அக்காவும் ஆறு ஆண்டாக இப்படித்தான் ஓட்டுகிறோம். கணக்கு எழுதுவதில்லை. யார் அதிகம் கொடுத்தோம் என்று இருவருமே மனத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம், அது வேறு விஷயம்.

பாலையும் பாட்டிலில் அடைக்கலாமா என்று உங்கள் கேள்வியின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அடைக்காதீர்கள். பாலும் புளிப்பில்லாத ஈரம்தான். காய்ச்சிக் குடிக்கிற பால் வேறு, காய்ச்சி மூடி வைக்கிற பால் வேறு. பாலை ஆண்டுக்கணக்கில் வைக்க நம்மிடம் இருக்கும் வழி நெய். தண்ணீர் முழுதும் வற்றும்வரை வெண்ணெயை உருக்குகிறோம். சடசடப்பு அடங்கி, அடியில் கசண்டு பொன்னிறமாகும்போது முருங்கைக் கீரை ஒரு கொத்துப் போட்டு இறக்கி, ஈரமில்லாத பாட்டிலில் வடிகட்டினால் எந்த அண்டாவும் வேண்டாம். 20 லிட்டர் பசும்பாலில் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைய நெய் கிடைக்கும். மிஞ்சுகிற மோரில் ஊறட்டும் மிளகாய்.

ஆகவே வாங்கி வைத்த 60இல் 40ஐத் தக்காளிக்கு ஒதுக்குங்கள். சுமார் 30 கிலோ பழம் பிடிக்கும், அண்டாவில் ஒரு முறைக்கு எட்டு வைத்தால் ஐந்து முறை. பத்தைப் புளிப்பு மாங்காய்க்கும் நெல்லிக்காய்க்கும் வையுங்கள். மீதிப் பத்து நெய்க்கு. அவரைக்கு மொட்டை மாடியில் ஒரு வேட்டியை விரித்தால் போதும். காக்கைக்கு மட்டும் ஒரு ஆள் வேண்டும்.